அண்ணி கொதிக்க வைத்த கடல்

எங்கள் வீட்டில் கரண்டிகூடக் கொதிநீரில் குளிக்காமல் சமையலுக்கு வராது. பல் துலக்கும் பிரஷ்ஷுக்கும் அதே கதிதான். வெளியே போய் வந்த செருப்பு வாசற்படியைத் தாண்டினால் அண்ணன் உட்பட யாருக்கும் மன்னிப்பு கிடையாது. பட்டச் சான்றிதழின் கண்ணாடியை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைப்பவர் உலகத்திலேயே என் அண்ணி ஒருவராகத்தான் இருப்பார். அது என் பட்டம். எங்கள் பரம்பரையில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான், அதனால் கூடத்துச் சுவரில் நல்ல வெளிச்சம் படுகிற இடமாகப் பார்த்து அண்ணிதான் அதை மாட்டினார். அதில் தூசி படிந்தால் எனக்கு முன்னால் அவருக்குக் கோபம் வரும்.

அண்ணிக்கு ஆஸ்பத்திரியில் வேலை. தரை துடைக்கச் சேர்ந்தவரின் கைச் சுத்தத்தைக் கவனித்த ஒரு மூத்த நர்ஸ், அடித்தளத்தில் இருக்கும் கருவிகள் சுத்தம் செய்யும் அறைக்கு அவரை மாற்றிவிட்டார். அன்று இறங்கியவர் இன்னும் மேலே ஏறவில்லை. அந்த அறைக்கு இரண்டு ஜன்னல்கள். ஒன்றின் வழியாகக் கத்தி, கத்தரிக்கோல், இடுக்கி எல்லாம் அழுக்கோடு உள்ளே வரும். கழுவி, உலர்த்தி, துணியில் பொதிந்து, நாடா ஒட்டி, பெரிய நீராவி எந்திரத்துக்குள் ஏற்றி இறக்கினால் மற்ற ஜன்னல் வழியாக மாடிகளுக்குப் போகும். நாள் முழுக்க ஆவியோடு இருப்பதால் 'ஆவி அக்கா' என்று பெயர். புதிதாகச் சேரும் நர்ஸ் பெண்களிடம், கீழே ஆவி அக்கா தனியாக இருக்கும், போய்த் தட்டு வாங்கி வா என்று அனுப்பிவிட்டு, அவர்கள் முகம் போகிற போக்கைப் பார்ப்பது மேல்மாடிக்காரர்களின் பொழுதுபோக்கு.

நீராவி நிஜமாகவே எல்லாவற்றையும் கொன்றதா என்று பார்க்க அங்கே ஒரு சோதனை உண்டு. லேசில் சாகாத ஒரு கிருமியைச் சின்னக் குப்பியில் வைத்து, பொதிகளோடு சேர்த்து எந்திரத்துக்குள் அனுப்புவார்கள். பிறகு எடுத்து வெதுவெதுப்பான இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். குப்பியில் உள்ள திரவம் ஊதாவாகவே இருந்தால் கிருமி செத்தது. மஞ்சளாக மாறினால் ஏதோ பிழைத்துக் கிடக்கிறது. அண்ணியின் சர்வீஸில் ஒரே ஒருமுறை மஞ்சள் வந்திருக்கிறது. எந்திரக் கதவின் ரப்பர் தேய்ந்து ஆவி கசிந்திருக்கிறது. அன்றைக்கு லிப்டுக்குக்கூடக் காத்திருக்காமல் மாடி மாடியாக ஏறி, போய்ச் சேர்ந்துவிட்ட பொதிகளை ஒன்று விடாமல் திருப்பி வாங்கி வந்தார். ஓர் அறுவை அறையில் டாக்டர் கையுறை மாட்டிக்கொண்டு பொதியின் மேல் கையை வைத்துவிட்டாராம். வாசலில் நின்றபடியே அண்ணி சொன்னது ஒரே வார்த்தை: "பிரிச்சிடாதீங்க." அந்தக் கதையைச் சொல்லும்போது இன்றைக்கும் அவருக்கு மூச்சு வாங்கும். அதற்குப் பிறகு அவரிடம் மஞ்சள் நிறத்தில் ஒரு கைக்குட்டைகூட இருந்து நான் பார்த்ததில்லை.

தன் வேலை சரியாக நடந்தால் கடைசியில் ஒன்றுகூட உயிரோடு இருக்கக் கூடாது என்று அண்ணி சிரித்துக்கொண்டே சொல்வதுண்டு. அப்படிப்பட்டவர் ஒரு மீனுக்கு வீடு கட்டக் கிளம்பினார்.

பல் மருத்துவப் பிரிவு இரண்டாவது மாடியில் இருக்கிறது. அங்கே காத்திருக்கும் நாற்காலிகளுக்கு எதிரே, யாரோ நன்கொடையாகக் கொடுத்த கடல்நீர்த் தொட்டி ஒன்று இருந்தது. பளபளவென்று விளக்கும் பவளமும் கலர் கலராக மீனுமாகத் தொடங்கியது. பராமரிக்க வந்துகொண்டிருந்த ஆள் ஒருநாள் வருவதை நிறுத்திவிட்டார். அதன் பிறகு மீன்கள் ஒவ்வொன்றாகப் போயின. பவளங்கள் எலும்பு மாதிரி வெளுத்தன. மிஞ்சியது ஒரே ஒரு கோமாளி மீன். ஆரஞ்சு உடம்பு, வெள்ளைப் பட்டை, ஒரு பக்கத் துடுப்பு பாதி கிழிந்திருந்தது. கருவித் தட்டோடு அண்ணி போகும்போதெல்லாம் கண்ணாடியோரம் வந்து நிற்குமாம். பல்லைப் பிடுங்கப் போகிறார்களே என்று வாயை இறுக்கி மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில், தன்னைப் பார்த்து வாயைத் திறப்பது அது ஒன்றுதான் என்பார்.

பிரிவுக்கு வெள்ளையடிக்கப் போகிறார்கள், மாதக் கடைசிக்குள் தொட்டியைக் காலி செய்ய வேண்டும் என்று கண்காணிப்பாளர் சொன்னபோது, மீன் என்ன ஆகும் என்று அண்ணி கேட்டார். கழிப்பறையில் விட்டுத் தண்ணீர் ஊற்றிவிட்டால் தீர்ந்தது என்றார் அவர். தான் எடுத்துக்கொண்டு போவதாக அண்ணி சொன்னதும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அது கடல் மீன்மா. உங்க வீட்டுக் குழாய்ல என்ன கடலா வருது?"

"வர வெச்சுக்கறேன் சார்."

இதை அண்ணி வீட்டுக்கு வந்து சொன்னபோது, கோபத்தில் சொல்லிவிட்டு வந்திருக்கிறார், இரண்டு நாளில் ஆறிவிடும் என்றுதான் நினைத்தேன். அண்ணனும் அப்படித்தான் நினைத்தார். அண்ணன் சரக்குத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். நாள் பூராவும் அந்தரத்தில் தொங்கிக்கொண்டு கடலைப் பார்த்துவிட்டு வருகிறவனுக்கு வீட்டிலும் கடலா என்று நொந்துகொண்டார். மீனைக் கொடு, துறைமுகத்தில் விட்டுவிடுகிறேன் என்று வழியும் சொன்னார். கப்பல் எண்ணெய் மிதக்கிற தண்ணீரில், பிறந்ததிலிருந்து கடலையே பார்க்காத, துடுப்புக் கிழிந்த மீன் எத்தனை நேரம் தாங்கும் என்று அண்ணி கேட்டார். பதில் இல்லாவிட்டால் அண்ணன் கிண்டலுக்குப் போய்விடுவார்.

"மீன் வாங்கிட்டு வந்து உப்புப் போடறவங்களைப் பாத்திருக்கேன். உப்பு வாங்கி வெச்சுட்டு மீனுக்குக் காத்திருக்கற வீடு இது ஒண்ணுதான்டா."

அண்ணி என்னிடம் வந்தார். "தம்பி, நீ படிச்சவன். இங்கிலீஷ்ல எல்லாம் போட்டிருப்பான். படிச்சுப் படிச்சு எனக்குச் சொல்லு. மீதியை நான் பாத்துக்கறேன்."

என் படிப்புக்கு வீட்டில் இவ்வளவு நேரடியாக ஒரு வேலை வந்தது அதுதான் முதல் தடவை. சமையலறை வாசலில் உட்கார்ந்து போனைப் பார்த்து நான் படித்துச் சொல்ல, அவர் வெங்காயம் நறுக்கியபடி கேட்டுக்கொள்வார். சின்னத் தொட்டிதானே, சின்ன வேலை என்று நினைத்திருந்தேன். படிக்கப் படிக்க நேர்மாறாக இருந்தது. பெரிய தொட்டியில் ஒரு தவறு செய்தால் தண்ணீர் தாங்கிக்கொள்ளும். நம் மேசைமேல் அடங்குகிற தொட்டியில் சின்னத் தவறும் முழுத் தவறாகிவிடும். குழாய்த் தண்ணீர் ஆகாது என்று படித்தபோது அண்ணி நிமிரவே இல்லை. ஆவி எந்திரத்துக்கும் அது ஆகாது, வெள்ளையாகப் படிந்து குழாயை அடைத்துவிடும், சுத்திகரித்த தண்ணீர்தான் ஊற்றுவோம் என்றார். தொட்டியில் தண்ணீர் குறைந்தால் உப்புக் கலக்காத நல்ல தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும் என்று படித்து, ஏன் என்று நான் யோசிப்பதற்குள், "ஆவியா போறது தண்ணி மட்டும்தானே தம்பி, உப்பு எங்க போகும்?" என்றார்.

தொட்டி அமைத்த பிறகு உடனே மீனை விடக் கூடாது, சில வாரங்கள் அப்படியே விட்டு வைக்க வேண்டும் என்றும் படித்தேன். ஏன் என்பதற்குக் கீழே நீளமாக ஏதோ ரசாயனப் பாடம் இருந்தது. நான் வணிகவியல் படித்தவன். அதைத் தள்ளிக்கொண்டு போய்விட்டேன். அண்ணியும் காரணம் கேட்கவில்லை. அவருக்குத் தெரிந்த காரணம் ஒன்று இருந்தது. எந்திரத்திலிருந்து இறக்கிய பொதியைச் சூட்டோடு தொடக் கூடாது, தொட்டால் ஈரம் பிடித்துக் கெட்டுவிடும், ஆற விட வேண்டும். அது மாதிரிதான் இதுவும் என்று எடுத்துக்கொண்டார். மாதக் கடைசிக்கு நாள் இருக்கிறது, தாராளமாக ஆறட்டும் என்றார்.

வண்ணமீன் கடைக்காரர் என் வயதுக்காரர்தான். ஆனால் பேச்சு பத்துக் கடை வைத்திருப்பவர் மாதிரி. அண்ணியை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, முதலில் தங்கமீன் வளர்த்துப் பழகுங்கள், கடல் தொட்டி ஆரம்பிக்கிற பாதிப் பேர் அதே தொட்டியை என்னிடமே விற்க வருகிறார்கள் என்றார். அண்ணி, எனக்குப் பழக நேரமில்லை, மீன் காத்துக்கொண்டிருக்கிறது என்று சொல்லிவிட்டுத் தேவையானதை எல்லாம் கேட்டு எடுத்து வைக்கச் சொன்னார். கண்ணாடித் தொட்டி, ஹீட்டர், சின்ன பம்ப், விளக்கு, கடல் உப்பு, உப்பின் அளவு பார்க்கிற ஒற்றைக்கண் கருவி. கடைசியாக ஈரச் சாக்கில் சுற்றிய கடல் கற்கள். 'உயிருள்ள கல்' என்று அதற்குப் பெயராம். வாடிக்கையாளர் கூட்டத்துக்கு நடுவே கடைக்காரர் அதைக் கையில் திணித்து, "அப்படியே போட்டுடுங்கக்கா" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விட்டார்.

வீட்டில் தொட்டிக்கு இடம் தேடினோம். வெயில் படக் கூடாது, பிளக் பக்கத்தில் இருக்க வேண்டும், கனம் தாங்க வேண்டும். எல்லாக் கணக்கும் கூடிவந்த ஒரே இடம் கூடத்தில் என் பட்டத்துக்கு நேர் கீழே இருந்த மர மேசைதான். பட்டத்தைக் கழற்றி வேறு சுவரில் மாட்டலாம் என்று அண்ணன் சொன்னார். அது அங்கேயேதான் இருக்கும் என்று அண்ணி முடித்துவிட்டார்.

அன்று மாலை நான் வேலை முடிந்து வந்தபோது வீடு முழுக்க ஒரு நாற்றம். கடற்கரையில் வலை காயப்போட்ட இடத்தில் சுடுதண்ணீர் ஊற்றினால் எப்படி இருக்கும், அப்படி. அடுப்பில் எங்கள் வீட்டிலேயே பெரிய பாத்திரம். அதற்குள் கற்கள் கொதித்துக்கொண்டிருந்தன. அண்ணி முகத்தில் மாஸ்க், கையில் கையுறை.

சாக்கைப் பிரித்தபோது ஒரு கல்லின் ஓட்டையிலிருந்து மயிர் போன்ற கால்களுள்ள புழு ஒன்று எட்டிப் பார்த்ததாம். இன்னொன்றின் மேல் வழவழவென்று பாசி. "அப்படியே போட்டுடுங்க" என்று சொல்கிறாரே கடைக்காரர், அவர் வீட்டுக் குழந்தைக்கு இப்படிக் கழுவாத தட்டில் சாப்பாடு போடுவாரா என்று அண்ணி கேட்டார். கொதித்த கற்களை எடுத்து, பிரஷ் போட்டுத் தேய்த்து, மறுபடி கொதிக்க வைத்து, மாடி வெயிலில் காயவைத்தார். மணலுக்கும் அதே வைத்தியம். தொட்டியில் அடுக்கி உப்புத் தண்ணீரை ஊற்றியதும் கண்ணைப் பறித்தது. கல் பால் வெள்ளை, தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாத தெளிவு. அண்ணன்கூடக் கிண்டலை மறந்து பக்கத்தில் வந்து நின்று பார்த்தார். அண்ணி ஆறவிட்டார். தினமும் கண்ணாடியைத் துடைத்தார். ஒரு துரும்பு மிதக்க விடவில்லை.

மாதக் கடைசியில் வெள்ளையடிப்பவர்கள் வந்துவிட்டார்கள். மூடி போட்ட வாளியை மடியில் வைத்துக்கொண்டு அண்ணி பஸ்ஸில் மீனை அழைத்து வந்தார். பழைய தொட்டியின் வடிகட்டி, பஞ்சு, கல் எல்லாவற்றையும் சேர்த்தே எடுத்துக்கொள்ளுங்கள் என்று கண்காணிப்பாளர் சொல்லியிருக்கிறார். அந்த வழவழப்பைப் பார்த்துவிட்டு, அழுக்கு எனக்கு எதற்கு, மீன் மட்டும் போதும் என்று வந்துவிட்டார்.

மீனை ஒரு தண்ணீரிலிருந்து இன்னொன்றுக்குச் சட்டென்று மாற்றக் கூடாது, சொட்டுச் சொட்டாகக் கலக்க வேண்டும் என்று படித்திருந்தேன். அதற்கு அண்ணி, காலாவதியாகித் தூக்கிப் போட வைத்திருந்த ஒரு டிரிப் செட்டை நர்ஸிடம் கேட்டு வாங்கி வந்திருந்தார். தொட்டியிலிருந்து வாளிக்குக் குழாயை இறக்கி, உருளையைத் திருகி, சொட்டை எண்ணி வைத்தார். அப்போதுதான் வேலை முடிந்து வந்த அண்ணன் செருப்பை வெளியே விட்டுவிட்டு எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா, மாப்பிள்ளை வந்ததும் வராததுமா டிரிப் ஏத்தறே? பிரயாணம் ஒத்துக்கலையா?"

அன்றிலிருந்து அதற்கு மாப்பிள்ளை என்ற பெயர் நிலைத்துவிட்டது. வீட்டிலேயே நல்ல இடம், தனி விளக்கு, வெதுவெதுப்பான தண்ணீர், வேளைக்குச் சாப்பாடு. வேறு யாருக்கு இந்த மரியாதை?

முதல் சில நாட்கள் மாப்பிள்ளை ஜம்மென்று சுற்றி வந்தார். பிறகு ஒரு காலையில் சாப்பாட்டுக்கு வரவில்லை. மறுநாள் தண்ணீரின் மேல்மட்டத்தில் வாயை வைத்துக்கொண்டு மூச்சு வாங்கினார். செவுள் பக்கம் சிவந்திருந்தது. அண்ணி சீருடையோடு தொட்டிக்கு முன்னால் குனிந்து நின்றார், வேலைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. தண்ணீர் பளிங்கு மாதிரி இருக்கிறதே, எது குறைகிறது என்று திரும்பத் திரும்பக் கேட்டார். கடைக்குப் போய் அம்மோனியா பார்க்கிற மருந்துப் பெட்டியை வாங்கி வந்தேன். சோதனைக் குழாயில் தொட்டித் தண்ணீரை எடுத்து, சொட்டு விட்டு, குலுக்கி, வண்ண அட்டையோடு வைத்துப் பார்க்க வேண்டும். அண்ணிக்கு இதெல்லாம் சொல்லித் தர வேண்டியதில்லை. கையில் வாங்கிக்கொண்டார்.

"எந்தக் கலர் வரணும் தம்பி?"

"மஞ்சள், அண்ணி."

நான் ஏதோ துக்கச் செய்தி சொன்ன மாதிரி என்னைப் பார்த்தார்.

வந்தது பச்சை. நல்ல கரும்பச்சை. அட்டையில் கடைசிக்கு முந்தின கட்டம்.

தள்ளிக்கொண்டு போன ரசாயனப் பாடத்தை அப்போதுதான் உட்கார்ந்து படித்தேன். மீனின் கழிவு அம்மோனியாவாக மாறும். அது மீனுக்கே விஷம். அதைத் தின்று தீர்க்கிற கிருமிகள் சில உண்டு. அவை தண்ணீரில் மிதப்பதில்லை, கல்லிலும் பஞ்சிலும் ஒட்டிக்கொண்டு குடும்பம் நடத்தும். கல்லுக்கு 'உயிருள்ள கல்' என்று பெயர் வந்ததே அதனால்தான். தொட்டியை வாரக்கணக்கில் விட்டு வைக்கச் சொல்வது ஆறுவதற்கு இல்லை, அந்தக் கிருமிகள் பெருகுவதற்கு. போதாக்குறைக்கு, சில கற்களில் இருக்கும் பூப்போன்ற உயிர்களைக் கொதிக்க வைத்தால் விஷ ஆவி கிளம்பி ஆளையே சாய்த்துவிடும் என்றும் போட்டிருந்தது. எங்கள் கல்லில் அது இல்லாமல் போனது எங்கள் நல்ல நேரம்.

படித்து முடித்தபோது அண்ணி நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார்.

"அப்போ நான் கொதிக்க வெச்சது?"

"அந்தக் கிருமியைத்தான் அண்ணி."

அழுவாரோ என்று நினைத்தேன். எழுந்து புடவையை இழுத்துச் செருகிக்கொண்டார். "சரி. கொன்னது நான். திரும்பக் கொண்டுவர்றதும் நான்தான்."

முதலில் செய்ய முடிந்தது தண்ணீர் மாற்றுவது. தினமும் தொட்டியில் கொஞ்சம் எடுத்துவிட்டு, உப்புக் கலந்து சூடு பார்த்து வைத்த புதுத் தண்ணீரை ஊற்றினால் விஷம் நீர்த்துப்போகும். அண்ணன் சுத்திகரித்த தண்ணீர் கேன்களைத் தோளில் வைத்து மாடியேற்றினார். நான் ஒற்றைக்கண் கருவியை வெளிச்சத்தில் பிடித்து உப்பைப் பார்த்துச் சொன்னேன். ஊற்றினால் பச்சை வெளுக்கும், மறுநாள் மறுபடி கறுக்கும். ஓட்டை வாளியில் தண்ணீர் சுமக்கிற மாதிரி இருந்தது. மாப்பிள்ளை ஹீட்டருக்குப் பின்னால் சாய்ந்து கிடந்தார். அண்ணன் வேலைக்குப் போகும்முன் குனிந்து பார்த்துவிட்டுத்தான் போனார். இப்போது கிண்டல் செய்யவில்லை.

அண்ணியும் நானும் கடைக்குப் போனோம். கதையைக் கேட்டதும் கடைக்காரர் கல்லாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"கல்லைக் கொதிக்க வெச்சீங்களா? சூப்பு நல்லா இருந்துச்சாக்கா?"

புதுக் கல் எப்போது வரும் என்று அவருக்கே தெரியவில்லை. துடுப்புக் கிழிந்த, நோய்வாய்ப்பட்ட மீனைத் தன் தொட்டிகளில் விடவும் மாட்டேன் என்றார். அது நியாயம்தான். உள்ளே போய்த் தேடி, கிருமி அடைத்த பாட்டில் ஒன்றைக் கொண்டுவந்தார். அண்ணி வாங்கியதும் முதலில் அடியைத் திருப்பித் தேதி பார்த்தார். காலாவதியாகி வெகுநாள் ஆகியிருந்தது.

"செத்த கிருமி என்கிட்டயே நிறைய இருக்கு தம்பி. அதுல நான் உங்களுக்கே சப்ளை பண்ணுவேன்" என்று திருப்பிக் கொடுத்தார். கடைக்காரர் முதல் முறையாகச் சிரிக்காமல், வேறு யாராவது ஓடுகிற தொட்டி வைத்திருந்தால் அதன் அழுக்குப் பஞ்சைக் கேட்டுப் பாருங்கள் என்றார். யாரிடம் கேட்பது? எங்களுக்குத் தெரிந்து கடல் தொட்டி வைத்திருந்த ஒரே இடம் ஆஸ்பத்திரிதான், அதையும் காலி செய்தாகிவிட்டது.

மறுநாள் அண்ணி அழுக்குக் கருவிகள் வரும் ஜன்னலில் நின்று ஒரு மெல்லிய உலோகக் குழாயைத் தேய்த்துக்கொண்டிருந்திருக்கிறார். குழாய்க் கருவிகள்தான் அவருக்கு எப்போதும் எதிரி. உள்ளே வழவழப்பு ஒட்டிக்கொண்டால் கிருமி அதற்குள் கோட்டை கட்டிக்கொள்ளும், ஆவிகூட எளிதில் உள்ளே போகாது. பிரஷ்ஷை விட்டு விட்டுத் தேய்க்க வேண்டும். தேய்த்துக்கொண்டிருந்த கை நின்றுவிட்டதாம். வழவழப்பு ஈரம் காயாமல் இருந்தால் கிருமி சாகாது. பழைய தொட்டியைக் காலி செய்தார்கள், சரி. யாராவது கழுவினார்களா?

சாப்பாட்டு இடைவேளையில் காவலாளியைக் கேட்டுக்கொண்டு பின்பக்கக் கொட்டகைக்கு ஓடினார். தொட்டி அங்கே ஒரு மூலையில் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது, எலும்பாகக் காய்ந்து. வடிகட்டிப் பெட்டி பக்கத்தில் இல்லை. கொட்டகைக்கு வெளியே குழாயடியில் வெள்ளையடிக்கிறவர்கள் பிரஷ் அலசிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர் கையில் அந்தப் பெட்டி. சாயம் கலக்க நல்ல பெட்டியாக இருக்கிறதே என்று எடுத்திருக்கிறார். அடியில் கொஞ்சம் கறுப்புத் தண்ணீர் தேங்கியிருந்தது, அதற்குள் பஞ்சும் இரண்டு மூன்று கல் துண்டும். குழாயைத் திறந்து பெட்டியை அடியில் நீட்டப் போனார். அண்ணி வருவதைப் பார்த்ததும், உங்களுக்கு வேண்டுமா அக்கா, இருங்கள், நன்றாக அலசித் தருகிறேன் என்றார், பாவம், நல்ல மனிதர்.

"கழுவிடாதீங்க."

இதைச் சொன்னது நானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது என்றார் அண்ணி. தன் ஆயுளில் வாயிலிருந்து வராத வார்த்தை.

மாலையில் அவர் பஸ்ஸிலிருந்து இறங்கி வரும்போது நான் வாசலில் நின்றிருந்தேன். அதே வாளி, அதே மூடி. வீட்டுக்குள் கொண்டுவந்து மூடியைத் திறந்ததும் கொதித்த கல்லின் நாற்றமெல்லாம் இதற்கு முன்னால் வாசனை என்று தோன்றியது. அண்ணன் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலைத் திறந்தார். அண்ணி பஞ்சை எடுத்தார். கறுப்பாக ஒழுகியது. தொட்டியின் பக்கம் ஓர் அடி எடுத்து வைத்தவரின் கை, தானாகவே சமையலறைக் குழாயின் பக்கம் திரும்பியது. இத்தனை வருடப் பழக்கம். பாதியில் நின்றார்.

"தம்பி, குழாயை அடைச்சுட்டு அங்கேயே நில்லு. நான் வந்தாலும் விடாதே."

போய் நின்றேன். பஞ்சையும் கற்களையும் அப்படியே, கண்ணை மூடிக்கொண்டு, தொட்டிக்குள் இறக்கினார். பளிங்குத் தண்ணீர் கலங்கிப் பழுப்பானது. மாப்பிள்ளை எங்கே இருக்கிறார் என்றே தெரியவில்லை. அண்ணி கையை மட்டும் முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவினார். அதற்குக் குழாயைத் திறந்துவிட்டேன்.

கலங்கல் அடங்கியதும் மாப்பிள்ளை இருந்தார். அவ்வளவுதான் சொல்ல முடியும். இருந்தார். அண்ணி தண்ணீர் மாற்றுவதையும் நிறுத்தவில்லை, சொட்டு மருந்துச் சோதனையையும் நிறுத்தவில்லை. பால் வெள்ளைக் கல்லெல்லாம் பழுப்பேறியது. கண்ணாடியின் உள்பக்கம் காப்பித்தூள் தூவின மாதிரி ஒரு படலம். ஆரம்பத் தொட்டிக்கு அது வரத்தான் செய்யும், போய்விடும் என்று படித்துச் சொன்னேன். அண்ணிக்கு அதைத் துடைக்காமல் இருப்பதுதான் பெரிய தண்டனை. துணியை எடுத்துக்கொண்டு வருவார், என்னைப் பார்ப்பார், திரும்பிப் போய்ச் சமையல் மேடையைத் துடைப்பார். அந்த நாட்களில் எங்கள் சமையல் மேடையில் முகம் பார்க்கலாம். இன்னொன்றும் நடந்தது. பம்ப் தெறிக்கிற தண்ணீர் உப்புப் புள்ளியாக என் பட்டத்தின் கண்ணாடியில் படிந்தது. ஸ்பிரிட் ஆவி தொட்டிக்கு ஆகாது என்று அண்ணி அதையும் துடைக்கவில்லை. கல்லூரியின் முத்திரை லேசாக மங்கியது. எனக்கும் அதைத் துடைக்கத் தோன்றவில்லை.

பச்சை கரும்பச்சையிலிருந்து இறங்கி இலைப்பச்சையில் வந்து நின்றது. நகராமல் நின்றது. அண்ணி, தண்ணீர் மாற்றுகிற அளவைக் குறைத்தார். கிருமிக்கும் சாப்பாடு வேண்டுமே, எல்லாவற்றையும் நாமே வாரிக் கொட்டிவிட்டால் அது எதைத் தின்னும் என்று கேட்டார். அம்மோனியா மறுபடி ஏறினால் மீன் போய்விடும் என்று நான் பயந்தேன். அவர் ஒவ்வொரு நாளும் சோதனைக் குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, ஏறவில்லை என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனார்.

ஒரு விடுமுறைக் காலை. அண்ணன் தரையில் காலை நீட்டி டீ குடித்துக்கொண்டிருந்தார். பழைய தொட்டியிலிருந்து வந்த கல் துண்டு ஒன்றில், செத்த பாசி என்று நாங்கள் நினைத்திருந்த சின்னப் பொத்தான் ஒன்று விரிந்திருப்பதை நான்தான் முதலில் பார்த்தேன். பச்சை விளிம்பு, நடுவில் சிவப்பு, சட்டைப் பொத்தானைவிடச் சின்னது. பவளம். கூப்பிடலாம் என்று திரும்பினேன். அண்ணி ஜன்னலோரம் சோதனைக் குழாயை அட்டையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, நகராமல் நின்றிருந்தார். குழாயைச் சாய்த்துப் பார்த்தார். அட்டையைத் திருப்பி வைத்துப் பார்த்தார். சந்தேகத்துக்கு மறுபடி புதுசாகத் தண்ணீர் எடுத்து, சொட்டு விட்டு, குலுக்கி, பொறுத்துப் பார்த்தார்.

"ஏங்க, மஞ்சள் வந்துடுச்சு."

அண்ணன் டம்ளரைக் கீழே வைத்துப் பாதி எழுந்துவிட்டார். அந்த வார்த்தைக்கு எங்கள் வீட்டில் ஒரே அர்த்தம்தான். "எந்த மாடி? எல்லாத்தையும் திருப்பி வாங்கணுமா?"

"ஒண்ணையும் வாங்க வேண்டாம்" என்றார் அண்ணி. "பொழைச்சது பொழைச்சதாவே இருக்கட்டும்."

குழாயைக் கழுவிக் கவிழ்க்காமல், மஞ்சளோடு அப்படியே என் பட்டத்துக்குக் கீழே, தொட்டியின் பக்கத்தில் நிற்க வைத்தார். மாப்பிள்ளை ஹீட்டருக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து, அந்தக் கிழிந்த துடுப்போடு பக்கவாட்டில் நீந்தி, பழுப்பேறிய கண்ணாடியோரம் நின்று அண்ணியைப் பார்த்து வாயைத் திறந்தார். அண்ணி சாப்பாட்டு டப்பாவை எடுத்தார். அண்ணன் மறுபடி உட்கார்ந்து, தனக்கு இன்னும் டிபன் வரவில்லை என்பதை யாராவது கவனிப்பார்களா என்று பொதுவாகக் கேட்டார். கவனிக்கவில்லை.